மேற்கு ஜன்னலுக்கு ஒரு மறைப்பு

ஜன்னலை அளக்கப் போகும் இடத்தில் டேப்பை உடனே வெளியே எடுக்காதீர்கள். முதலில் அந்த அறையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். நம் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். வேலையை விட்டுப் போகும் நாளில் நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள் எழுதியது, முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சேர்ந்தபோது நம் கடை சேலத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது. கீழே துணி, மரப்படி ஏறினால் தையல். ஜலகண்டாபுரத்திலிருந்து கைத்தறி ஸ்கிரீன் துணி பஸ்ஸின் மேல் கட்டாக வந்து இறங்கும். கட்டைப் பிரித்ததும் கஞ்சி வாசனை மாடி வரைக்கும் வரும். மிஷின்களை நிறுத்திவிட்டு நாங்கள் எல்லாரும் இறங்கிப் போய் அந்தத் துணியைத் தொட்டுப் பார்ப்போம். வாங்கப் போகிறவர்கள் போல விரலால் தேய்த்துப் பார்த்து, ஆளுக்கொரு குறை சொல்லிவிட்டு மேலே ஏறுவோம். இப்போது துணி பிளாஸ்டிக் உறைக்குள் வருகிறது. வாசனையே இல்லை.

வீடுகளுக்குப் போய் அளவெடுக்கும் வேலை எனக்கு வந்தது என் திறமையால் அல்ல. படுக்கை அறைக்குள் ஆண்பிள்ளை டேப்போடு நுழைவதைப் பல வீட்டுப் பெண்கள் விரும்பவில்லை. அதனால் முதலாளி என்னை அனுப்பினார். துணைக்கு ஃபிட்டர் பழனியண்ணன். அவர் அதற்கு முன் லாரியில் கிளீனராக இருந்தவர். ஏணி, துளை போடும் கருவி, ஆணிப்பை எல்லாவற்றையும் ஒரே தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். எத்தனை ஜன்னல் என்று கேட்பதுகூட அவர்தான்.

அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டுக்கு எத்தனை ஜன்னல் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே துணி போடுவார்கள். வேறு வேறு துணி போட்டால் மிச்சத் துணியில் தைத்தது போலத் தெரியும் என்பார்கள். சேலத்திலேயே ஒரு பென்ஷன்காரர் வீட்டில் வடக்குப் பார்த்த ஜன்னலுக்கும் சேர்த்துக் கெட்டித் துணி கேட்டு வாங்கினார்கள். வெயிலே எட்டிப் பார்க்காத ஜன்னல் அது. ஸ்கிரீன் தொங்கியதிலிருந்து அந்த அறையில் பகலெல்லாம் டியூப்லைட் எரிந்தது. அவர் கரண்டு பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். எங்கள் கட்டிங் மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் அவரைக் கேட்டார்: "ஏனுங்க, அந்த ஜன்னலுக்கு என்ன காய்ச்சலுங்களா, இந்த வெய்யக்காலத்துல கம்பளி போத்தி உட்டிருக்கறீங்க?" பென்ஷன்காரரே சிரித்துவிட்டார். மெல்லிய வெள்ளைத் துணி மாற்றிக் கொடுத்தோம். விளக்கு அணைந்தது.

மாஸ்டர் இப்படிச் சிரித்தே காரியத்தை முடிப்பார். எனக்கு அது வராது. அப்படி வராத நான் ஒரு முறை சிக்கிக்கொண்ட வீட்டைப் பற்றித்தான் இனிச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வடக்கே போய்ச் சம்பாதித்துக்கொண்டு வந்த காலம். திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் வழியில் புதிது புதிதாக மாடி வீடுகள் எழும்பின. அதில் ஒரு ரிக்குக்காரர் கட்டிய வீடு ரோட்டைப் பார்த்து, அதாவது மேற்கைப் பார்த்து நின்றது. மாடியில் ரோட்டுப் பக்கமாக ஒரு பெரிய அறை. அந்த அறைக்கு இரண்டு அகலமான கண்ணாடி ஜன்னல். பஸ்ஸில் போகிறவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற அளவுக்குப் பெரிய ஜன்னல்.

அந்த அறையை அவர் தன் ஒரே மகள் சாந்திக்காகக் கட்டினார். கல்யாணமாகிப் போன பெண் பிரசவத்துக்கு வந்தால் தங்குவதற்கு என்று, குளியலறையும் உள்ளேயே வைத்துக் கட்டியிருந்தார். கீழே எப்போதும் ரிக் வேலைக்காரர்கள் வந்து போவார்கள். சாமான்கள், டீசல் வாடை, சத்தம். பெண்ணுக்கு மாடிதான் சரி என்று முடிவு செய்திருந்தார்.

கருஞ்சிவப்பில் பெரிய பெரிய மஞ்சள் பூப்போட்ட கெட்டித் துணியை அவரே கடைக்கு வந்து எடுத்தார். அதற்குப் பின்பக்கம் வெள்ளை லைனிங் வைத்துத் தைத்தோம். வெள்ளை கண்ணாடிப் பக்கம் இருக்க வேண்டும், பூ அறைக்குள் இருக்க வேண்டும். வெள்ளை வெயிலை ஓரளவுக்கு வந்த வழியே திருப்பிவிடும். பழனியண்ணன் அப்படித்தான் மாட்டிவிட்டு வந்தார்.

பங்குனி மாதத்தில் கட்டுச்சோறு கொண்டுபோய் விருந்து வைத்து மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்தார்கள். இரண்டு வாரம் கழித்துக் கடைக்கு ஆள் வந்தது. ஸ்கிரீன் போட்டும் அறைக்குள் அனல் குறையவில்லை, வந்து பார்க்கச் சொன்னார்கள்.

நாங்கள் போய் இறங்கியதும் பழனியண்ணன் ரோட்டிலேயே நின்றுவிட்டார். மாடி ஜன்னலில் மஞ்சள் பூக்கள் ரோட்டைப் பார்த்துப் பூத்துக்கொண்டிருந்தன. அவர் மாட்டியதை வீட்டில் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

காரணம் மேலே போனதும் தெரிந்தது. அவ்வளவு ஆசையாக எடுத்த துணி ஊர் கண்ணில் படாமல் போனால் எப்படி என்று ரிக்குக்காரர் அடுத்த நாளே திருப்பச் சொல்லியிருக்கிறார். கருஞ்சிவப்பு வெயிலை முழுக்கக் குடித்துக்கொண்டு அறைக்குள் விட்டது. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த சாந்தி தன் பக்கம் தொங்கிய வெள்ளை லைனிங்கைக் காட்டினாள்.

"பூவெல்லாம் பஸ்ஸுல போறவங்களுக்குங்க்கா. எனக்கு இந்த ஆஸ்பத்திரித் துணி."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் அவள் காலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு பாதமும் வீங்கிக் கொலுசு சதைக்குள் பதிந்திருந்தது. நாமக்கல் லேடி டாக்டர் மத்தியானத்தில் காலை உயர்த்தி வைத்துக் குளிர்ச்சியான இடத்தில் படுக்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்த அறையில் மத்தியானத்துக்கு மேல் படுக்கவே முடியவில்லை. முந்தின வாரம் மயக்கம் வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். பார்க்க வந்த அவள் புருஷன் அதைக் கண்டுவிட்டுப் போய்ச் சொல்ல, அவர்கள் வீட்டிலிருந்து தகவல் வந்துவிட்டது. ராசிபுரம் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஓட்டு வீடு அவர்களுடையது. இந்த அனலில் பிள்ளையை விட்டுவைக்க மாட்டோம், வந்து பார்ப்போம், சரியில்லை என்றால் கூட்டிக்கொண்டு போய்விடுவோம் என்று மாமியார் சொல்லியனுப்பியிருந்தார்.

சாந்தியின் அம்மா பாவாயம்மா இதையெல்லாம் கதவோரத்தில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார். முதல் பிரசவத்துக்கு வந்த பெண்ணைப் பாதியில் திருப்பி அனுப்பிய வீடு என்று ஒரு பேர் வந்தால் அது அவர் காலத்துக்கும் போகாது. அதைவிட, மகளைத் தன் கையால் குளிப்பாட்டிச் சோறு போட அவருக்குக் கிடைத்திருந்தது இந்த இரண்டு மாதம்தான். "கல்யாணத்துக்கு அப்பறம் இப்பத்தானுங்க இவ என்ற கண்ணுக்கு முன்னால இருக்கறா" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மோர் எடுத்துவர இறங்கிவிட்டார்.

ரிக்குக்காரரும் சும்மா இருக்கவில்லை. ஒரு ஏசி மெஷினை எங்கிருந்தாவது வரவழைத்துப் பொருத்திவிடுகிறேன் என்று கிளம்பியிருக்கிறார். மின்வாரியத்து ஆள் வந்து பார்த்து, இந்த லைனில் அது ஓடாது என்று சொல்லிவிட்டார். சுற்றிலும் தோட்டத்து மோட்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் போட்டால் மின்விசிறியே தூங்கி வழியும். போதாததற்கு மத்தியானத்தில் கரண்டு கட். எதைச் செய்தாலும் கரண்டு இல்லாமல் செய்ய வேண்டியிருந்தது.

அன்று ஸ்கிரீனைத் திருப்பி மாட்டினோம். ரிக்குக்காரருக்கு மனசே இல்லை, மகள் காலைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். பழனியண்ணன் மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பலாம் என்றார். சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "செத்த நேரம் இருந்து நீங்களே பாத்துட்டுப் போங்கக்கா" என்றாள். எனக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. உட்கார்ந்தேன்.

அதுவரை எந்த வீட்டிலும் நான் மத்தியானத்தில் உட்கார்ந்தது இல்லை. பஸ் வசதியைப் பார்த்தும் வெயிலுக்குப் பயந்தும் நாங்கள் எப்போதும் காலையில்தான் அளவெடுப்போம். காலையில் மேற்கு அறை குகை மாதிரி சில்லென்று இருக்கும். கிழக்கு அறையில் வெயில் அடிக்கும். அதைப் பார்த்துத்தான் எது கெட்டி, எது மெல்லிசு என்று பேசி முடிப்போம். அன்றைக்குத்தான் ஒரு மேற்கு அறை பொழுது சாயச் சாய எப்படி மாறுகிறது என்று முதுகில் தெரிந்தது. திருப்பி மாட்டியதில் கொஞ்சம் குறைந்ததுதான், ஆனால் போதவில்லை. ஸ்கிரீனுக்குப் பின்னால் கையை விட்டுக் கண்ணாடியைத் தொட்டேன். தோசைக்கல். உள்ளே வந்துவிட்ட சூட்டைத் துணி என்ன செய்யும்? ஸ்கிரீனின் மேலும் கீழும் வழிந்து அறைக்குள்தான் வந்தது.

ஆனால் ஒன்று கவனித்தேன். இரண்டு ஜன்னலில் ஒன்று மட்டும் அவ்வளவு சுடவில்லை. எட்டிப் பார்த்தேன். வெளிப்பக்கம், சன்ஷேடின் கீழ் கட்டியிருந்த கயிற்றில் ஒரு பழைய நூல் சேலை காய்ந்துகொண்டிருந்தது.

"அது நானுங்க்கா" என்றாள் சாந்தி. "மொட்டை மாடிக்கு ஏறக் கூடாதுன்னு அம்மா சொல்லீருச்சு. கீழ போட்டா கிரீஸ் ஆயிருது. அதான் இங்கயே கவுறு கட்டிக்கிட்டேன். நேத்தும் அந்தப் பக்கந்தான் தல வெச்சுப் படுத்தேன். அது கொஞ்சம் தேவலாமா இருக்குது."

மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே எவ்வளவு கெட்டித் துணி போட்டாலும் வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் பாதிக் கதை முடிந்துவிட்டது. இன்றைக்கு உங்களுக்கு இதை ஒரு பட்டியலில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது ஒரு கர்ப்பிணிப் பெண் காயப்போட்ட சேலை.

மூங்கில் தட்டி போடலாம் என்று தோன்றியது. சன்ஷேடு விளிம்பிலிருந்து தொங்கவிட்டால் தட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இரண்டடி காற்று ஓடும். கயிற்றை இழுத்தால் சுருண்டு மேலே போகும், விட்டால் இறங்கும். கயிற்று நுனியை ஜன்னல் கம்பிக்குள் விட்டு உள்ளேயே கட்டிக்கொள்ளலாம். இதில் நம் கடைக்கு விற்க ஒன்றும் இல்லை. பழனியண்ணன் அதைச் சொல்லிவிட்டு, நாமக்கல்லில் தட்டி முடைகிறவர் ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றும் சொன்னார்.

ரிக்குக்காரர் கேட்டதும் முகம் சுளித்தார். சுற்றிலும் கோழிப்பண்ணைகள். வெயில் ஏறினால் கோழிக் கொட்டகைகளில் சாக்கைத் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். ரோட்டோர டீக்கடைகளிலும் தட்டிதான். "இத்தனை செலவு பண்ணி மாடி கட்டி, கோழிப்பண்ணையாட்டத் தட்டி கட்டச் சொல்றீங்களா?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். பதில் சொன்னது பாவாயம்மா. மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அவரைப் பார்க்காமலே சொன்னார்:

"கோழிக்கு வேர்க்குதுன்னு சாக்குக் கட்டறாங்க. நம்ம புள்ளைக்குக் கட்டப்படாதா?"

ரிக்குக்காரர் ஜன்னல் வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். பிறகு ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். ஒரம்பரை யாராவது வந்தால், அதாவது சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வருகிற அன்றைக்கு, தட்டி கண்ணில் படக் கூடாது. சுருட்டிக் கட்டிவிட வேண்டும்.

தட்டி ஏறியது. ரோட்டுப் பக்கம் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக்கியிருந்தார் பழனியண்ணன். அடுத்த வாரம் கீழ் ஆசாரத்துக்கு, அதாவது முன்கூடத்துக்கு, ஸ்கிரீன் மாட்ட நாங்கள் மறுபடி போனபோது சாந்தியின் கொலுசு காலில் ஆடியது. மத்தியானத்தில் தூங்குகிறாளாம். வீக்கம் முழுக்க வற்றவில்லை, ஆனால் வடிந்திருந்தது. எனக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாம் போல நிறைவாக இருந்தது.

ஆனால் அன்றைக்குத்தான் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று தெரிந்தது. ஆசாரத்து ஸ்கிரீனை அவசரப்படுத்தியதே அதற்காகத்தான். சோறுண்டுவிட்டுக் கிளம்பி மத்தியானத்துக்கு மேல் வந்து சேருவார்கள்.

உச்சிப்பொழுது தாண்டும்போது ரிக்குக்காரர் வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு மாடிக்குப் போனார். இரண்டு தட்டியையும் தானே சுருட்டி ஏற்றினார். கயிற்றை ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டினார். ஸ்கிரீனையும் திருப்பச் சொன்னார், பூ ரோட்டுக்குத் தெரிய வேண்டும் என்று. பழனியண்ணன் ஏணியில் ஒரு படி கழன்றுவிட்டது அது இதென்று சொல்லி அதை மட்டும் எப்படியோ தள்ளிப்போட்டார். ரிக்குக்காரர் கீழே இறங்கிப் போய் ரோட்டோரம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். வீட்டைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்தது பெருமைதான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சம்பந்தி வீட்டார் முதன்முதலாகப் புது வீட்டைப் பார்க்கப் போகிறார்கள்.

அவர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள் என்பதுதான் அவருக்கு மறந்துபோயிருந்தது.

மிச்சத் துணியில் தைத்துக் கொண்டுவந்திருந்த ஒரு தலையணை உறையைச் சாந்திக்குக் கொடுப்பதற்காக நான் மேலே போனேன். கண்ணாடியின் ஓரத்தில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கரண்டு இல்லை. அவள் ஒரு ஓலை விசிறியால் விசிறிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கதவோரத்தில் பாவாயம்மா நின்றிருந்தார். புருஷன் கட்டிய முடிச்சை அவர் அவிழ்க்க மாட்டார். அப்பா கட்டியதை மகள் அவிழ்க்க மாட்டாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

வாடிக்கையாளர் வீட்டில் அவர் சொல்லை மீறி எதையும் தொடக் கூடாது என்பது முதலாளி எங்களுக்குச் சொல்லியிருந்த முதல் விஷயம். பழனியண்ணனைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "நமக்கெதுக்கு அம்மிணி இந்த வம்பு? அவரு புள்ள, அவரு ஊடு, அவரு தட்டி" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்தத் துணியை எதற்காகத் தைத்தோம், தட்டியை எதற்காகக் கட்டினோம் என்று நினைத்துப் பார்த்தேன். இன்னும் அரைமணியில் இந்த அறை என்ன ஆகும் என்பது அங்கே உட்கார்ந்து பார்த்த எனக்குத் தெரியும். மாமியார் வந்து நிற்கப் போவது சரியாக அந்த நேரத்தில். போய்க் கயிற்றைப் பிடித்தேன். முடிச்சு அசையவில்லை. ரிக்குக்காரர் ஒரு காலத்தில் லாரியில் தார்ப்பாய் கட்டிப் பழகியவர்.

என் நகம் பிய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த பழனியண்ணன் பெருமூச்சு விட்டார். "தள்ளு. இது லாரி முடிச்சு. இழுத்தா இன்னும் இறுகும்" என்று சொல்லி, கயிற்றை ஒரு பக்கமாகத் தள்ளி, ஒரே திருகில் அவிழ்த்தார். "முடிச்சு அவுத்தது நானு. தட்டி எறக்கறது நீயி. கடையில கேட்டா பாதிப் பாதி சொல்லிக்கலாம்."

நான் இறக்கினேன். முதல் தட்டி, அடுத்தது. அறைக்குள் வெளிச்சம் கோடு கோடாக ஆனது. இரண்டாவது தட்டி இறங்கிக்கொண்டிருக்கும்போதே ரோட்டிலிருந்து கார் திரும்பியது.

தட்டியின் இடுக்கு வழியாக நான் கீழே பார்த்தேன். ரிக்குக்காரர் கை கூப்பிக்கொண்டு முன்னால் போனார். காரிலிருந்து இறங்கிய சம்பந்தியம்மா நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார். அவர் பார்க்கிற பக்கம் ரிக்குக்காரரும் பார்த்தார். கூப்பிய கை அப்படியே நின்றது. உள்ளே இருக்கிற என்னை அவரால் பார்க்க முடியாது. ஆனாலும் நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

சம்பந்தியம்மா கனத்த உடம்புக்காரர். படியேறி வந்ததும் நேராக மருமகள் காலருகே உட்கார்ந்தார். கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்தார். எழுந்து போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். நின்றுபோன மின்விசிறியைப் பார்த்தார்.

"கரண்டு எப்பப் போச்சு?"

"சோத்துக்கு முன்னாலயே போயிருச்சுங்கத்தை" என்றாள் சாந்தி.

மூலையில் ஒண்டிக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பினார். "நீ ஆரு சாமி?"

"ஸ்கிரீன் கடைங்க."

"இந்தத் தட்டி உங்க வேலையா?"

இல்லைங்க என்று தலையாட்டினேன். சாந்தி காயப்போட்ட சேலையைப் பார்த்துத்தான் போட்டது என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் மருமகளை ஒரு முறை பார்த்தார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. கீழே பாய் விரிக்கச் சொன்னார். கட்டிலுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, தோப்பில் ஒரு மாடு கன்று போட்ட கதையைச் சொல்லத் தொடங்கினார். கதை பாதியில் நின்றது. பார்த்தால் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிவிட்டார்.

கீழே ரிக்குக்காரரும், காரில் கூட வந்திருந்த சாந்தியின் மாமனாரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மேலே தூங்குகிறார்கள் என்று பாவாயம்மா போய்ச் சொன்னதும் குரலைத் தணித்துக்கொண்டார்கள். ரிக்குக்காரர் வேலைக்காரர்களை வெளியே போகச் சொன்னார். நாங்கள் ஆசாரத்து ஸ்கிரீனுக்கு ஆணி அடிக்க முடியாமல் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். சித்திரை வெயிலில், கரண்டு இல்லாத ஒரு வீட்டில், எல்லாரும் ஒருத்தர் தூக்கத்துக்காகக் காத்திருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பொழுது இறங்கி வெயில் மஞ்சளான பிறகுதான் சம்பந்தியம்மா எழுந்து வந்தார். முகம் கழுவி, காப்பி குடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டார். பிள்ளையைக் கூட்டிப் போவதைப் பற்றியும் பேசவில்லை, விட்டுப் போவதைப் பற்றியும் பேசவில்லை. பாவாயம்மா எதுவும் கேட்கத் துணியாமல் கார் வரைக்கும் பின்னாலேயே போனார். காரில் ஏறப் போன சம்பந்தியம்மா நின்று, பின் சீட்டிலிருந்து ஒரு பெரிய இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்தார். புது உறை போட்டது. கூட்டிக்கொண்டு போகும் வழியில் மருமகள் முதுகுக்கு வைத்துக்கொள்ள அவர் வீட்டிலிருந்து எடுத்து வந்தது என்று பார்த்ததும் தெரிந்தது.

அதைப் பாவாயம்மாவின் கையில் கொடுத்தார்.

"மேல வெச்சிருங்க. இடுப்புக்கு அண்டக் குடுத்துப் படுக்கட்டும்."

கார் போன பிறகும் பாவாயம்மா தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றார். பிறகு திரும்பி, என்னைக் கடந்து, மாடிப்படி ஏறினார். வயசான பெண்கள் அவ்வளவு வேகமாகப் படியேறி நான் பார்த்ததில்லை.

எனக்கு இனி ரிக்குக்காரர் மட்டும் பாக்கி. பழனியண்ணன் சாமான்களை எடுத்து வைக்கிற சாக்கில் வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டார். ரிக்குக்காரர் வேப்பமரத்தடியில் நின்று மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வெள்ளைத் தட்டியும் அவருடைய புது வீட்டின் நெற்றியை மறைத்துத் தொங்கின. கடையில் சொல்லி என் வேலையைப் போகவைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் வந்தார். என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தட்டிய எத்தன மணிக்கு எறக்கோணும்?"

"வெய்யில் கண்ணாடியத் தொடறதுக்கு முன்னாலங்க."